அக்டோபர் மாதத்துக் கல்: ஓப்பலை அறிந்து, பார்த்து வாங்கி, பேணுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தினம் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் நீரோட்டம் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் ஓடுவது போலத் தெரியும் அந்த ஒளிக்குத்தான் அந்தப் பெயர். மாணிக்கத்திலும் நீலத்திலும் அது உவமை. ஓப்பலில் அது உவமை இல்லை. இந்தக் கல்லின் எடையில் 3 முதல் 21 சதவீதம் வரை நிஜமான தண்ணீர். நகைக்கு வரும் கற்களில் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் இருக்கும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் போதும், ஓப்பலைப் பற்றிய மற்ற எல்லாம் தானாக விளங்கும். ஏன் அது வானவில்லைப் போல மின்னுகிறது, ஏன் சிலசமயம் விரிசல் விடுகிறது, ஏன் 'ராசியில்லாத கல்' என்ற பழி அதன் மேல் விழுந்தது, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று எல்லாமே அந்த நீரில் போய்த்தான் முடிகின்றன. அக்டோபரில் பிறந்த ஒருவருக்காக ஓப்பல் வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே ஒன்றை வைத்துக்கொண்டு அணியத் தயங்குபவர்களும் இந்தப் படிகளை வரிசையாகப் படித்தால் பயன் கிடைக்கும்.

படி 1: மாதக் கல் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பன்னிரண்டு கற்கள் என்ற எண்ணிக்கை பைபிளின் யாத்திராகமத்தில் வருகிறது. தலைமைக் குரு ஆரோனின் மார்ப்பதக்கத்தில் இஸ்ரேலின் பன்னிரண்டு குலங்களுக்காகப் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டன. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அந்தக் கற்களை ஆண்டின் பன்னிரண்டு மாதங்களோடும் ராசிகளோடும் இணைத்துப் பேசினார். ஆனாலும் 'நான் பிறந்த மாதத்தின் கல்லை ஆயுள் முழுக்க அணிகிறேன்' என்ற வழக்கம் வெகுகாலம் கழித்து, 18-ஆம் நூற்றாண்டில் போலந்து வட்டாரத்தில்தான் பரவியது. அதற்கு முன்னால் வசதி உள்ளவர்கள் பன்னிரண்டு கற்களையும் வைத்துக்கொண்டு, அந்தந்த மாதத்துக்கு அந்தந்தக் கல்லை மாற்றி மாற்றி அணிந்தார்கள்.

இன்று எல்லா இடங்களிலும் புழங்கும் பட்டியல் 1912-இல் அமெரிக்க நகை வணிகர்களின் தேசியச் சங்கம் கூடி வகுத்தது. அக்டோபருக்கு ஓப்பலும் டூர்மலினும் அதில் இடம்பெற்றன. பழைய பட்டியல்கள் சிலவற்றில் இந்த மாதத்துக்கு பெரில் அல்லது அதன் நீல வகையான அக்வாமரீன் இருந்தது. 1952-இல் பட்டியலைத் திருத்தியபோது இளஞ்சிவப்பு டூர்மலினை அக்டோபரின் மாற்றுக் கல்லாகக் குறிப்பிட்டார்கள்.

ஆகவே பட்டியல் மனிதர்கள் வகுத்தது, காலத்துக்கு ஏற்ப மாறியும் வந்திருக்கிறது. அதனால் அதன் அழகு குறைந்துவிடாது. ஆனால் 'இந்தக் கல்தான் அணிய வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது' என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்ப வேண்டியதில்லை.

படி 2: கல்லுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வைரமும் மாணிக்கமும் படிகங்கள். ஓப்பல் படிகம் இல்லை. மணலில் இருக்கும் அதே சிலிக்கா, நீரோடு சேர்ந்து மிக மெதுவாக இறுகியதுதான் ஓப்பல். ஆஸ்திரேலியாவில் சிலிக்கா கரைந்த நீர் மணற்பாறைகளின் இடுக்குகளில் கசிந்து இறங்கி, அங்கேயே தங்கி, பாகு போலக் கெட்டியாகிக் கல்லானது. எத்தியோப்பியாவிலும் மெக்சிகோவிலும் எரிமலைப் பாறைகளின் பொத்தல்களில் இதேபோல உருவானது.

அந்த வண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது. கோலிக்குண்டுகளை ஒரு பெட்டியில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்தது போல, சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 150 முதல் 300 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே அப்படிப்பட்ட உருண்டைகள் சில நூறை வரிசையாக வைக்கலாம். அந்த அடுக்குகளின் இடைவெளியில் புகும் வெள்ளை ஒளி சிதறிப் பிரிந்து வண்ணங்களாக வெளியே வருகிறது. கல்லில் சாயம் எதுவும் இல்லை. அங்கே இருப்பது ஒழுங்கு மட்டும்தான்.

உருண்டைகள் சிறியவை என்றால் நீலமும் ஊதாவும் தெரியும். பெரியவை என்றால் சிவப்பு தெரியும். சிவப்பு காட்டும் கல்லைச் சாய்த்தால் அதே இடம் ஆரஞ்சு, பச்சை என்று மாறும். நீலம் மட்டும் காட்டும் கல் எப்படித் திருப்பினாலும் சிவப்புக்குப் போகாது. உருண்டைகள் அந்த அளவுக்கு வளர்ந்து, ஒழுங்கும் கலையாமல் இருப்பது அபூர்வம் என்பதால் சிவப்புக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

உருண்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் வண்ண ஜாலமே இருக்காது. அப்படிப்பட்ட சாதாரண ஓப்பலைச் சுரங்கக்காரர்கள் 'பாட்ச்' என்கிறார்கள். உலகில் கிடைக்கும் ஓப்பலில் மிகப் பெரும் பங்கு இதுதான். ஓப்பல் வகைச் சிலிக்கா செவ்வாய்க் கிரகத்திலும் இருப்பதை 2008-இல் நாசாவின் விண்கலம் கண்டறிந்தது. அங்கே ஒருகாலத்தில் நீர் இருந்தது என்பதற்கு அதையும் ஒரு சான்றாகச் சொல்கிறார்கள். ஓப்பல் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தாக வேண்டும் அல்லவா?

படி 3: கதைகளைக் கேளுங்கள், ஆனால் எங்கே பிறந்தன என்று பாருங்கள்

ஓப்பல் என்ற பெயரே வடமொழியின் 'உபல' என்ற சொல்லில் இருந்து கிரேக்கம், லத்தீன் வழியாக வந்தது என்பார்கள். உபல என்றால் கல். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி, மாணிக்கத்தின் நெருப்பும் அமெதிஸ்ட்டின் ஊதாவும் மரகதத்தின் கடல்பச்சையும் ஒன்றாகக் கலந்து மின்னும் கல் என்று இதை வருணித்தார். அவர் சொன்ன கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நோனியஸ் என்ற ரோமானிய செனட்டரிடம் ஹேசல் கொட்டை அளவில் ஓர் ஓப்பல் மோதிரம் இருந்தது. மார்க் ஆண்டனி அதன் மேல் ஆசைப்பட்டான். நோனியஸ் கொடுக்கவில்லை. நாடு கடத்தப்பட்டபோது சொத்து அத்தனையையும் விட்டுவிட்டு அந்த மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இடைக்கால ஐரோப்பாவில் ஓப்பல் கண்ணுக்கு நல்லது என்று நம்பினார்கள். அதை ஒரு லாரல் இலையில் சுற்றி வைத்துக்கொண்டால் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடலாம் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால் திருடர்களின் காவல் கல் என்ற பெயரும் கிடைத்தது. பொன்னிறக் கூந்தல் உள்ள பெண்கள் முடியின் நிறம் மங்காமல் இருக்க ஓப்பல் மாலை அணிந்தார்கள் என்றும் சொல்வார்கள். எல்லா மணிகளின் நிறமும் இதற்குள் இருப்பதால் எல்லா மணிகளின் நற்குணமும் இதற்கு உண்டு என்பதே அந்தக் காலத்துப் பொதுவான எண்ணம். நம்பிக்கை, தூய்மை, படைப்பு மனம் என்று இன்று மாதக் கல் அட்டைகளில் ஓப்பலுக்கு எழுதும் குணங்கள் இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

அப்படியானால் கெட்ட பெயர் எப்போது வந்தது? 1829-இல் வால்டர் ஸ்காட் 'ஆன் ஆஃப் கெயர்ஸ்டைன்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஹெர்மியோன் என்ற பெண் கூந்தலில் ஓப்பல் அணிந்திருப்பாள். அவள் மனநிலைக்கு ஏற்ப அது ஒளிரும். ஒருநாள் அதன்மேல் புனித நீர் ஒரு துளி பட்டதும் கல் ஒளி இழந்துவிடும். அவளும் மயங்கி விழுவாள். மறுநாள் அறையில் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ஓப்பல் சாபம் உள்ள கல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐரோப்பாவில் ஓப்பலுக்கு இருந்த மவுசு குறைய இது ஒரு முக்கியக் காரணம் என்று நகை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

தண்ணீர் பட்டு ஒளி இழக்கும் ஓப்பல் நிஜத்திலேயே உண்டு. என்னிடம் எத்தியோப்பிய ஓப்பல் ஒன்று இருக்கிறது. பட்டாணி அளவுதான், வெள்ளை அடிநிறத்தில் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும். அதன் இயல்பு தெரியாத நாட்களில், சுத்தம் செய்வதாக நினைத்து அதை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவிட்டேன். சிறிது நேரம் கழித்து எடுத்தால் கண்ணாடித் துண்டு போல ஊடுருவித் தெரிந்தது. வண்ணம் துளிகூட இல்லை. போனது போனதுதான் என்று நினைத்து ஒரு துணியின் மேல் வைத்துவிட்டேன். மறுநாள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. நான்காம் நாள் காலையில் ஓரத்தில் கடுகளவு பச்சை ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் முழுக் கல்லும் பழையபடி திரும்பிவிட்டது. நுண்துளைகள் நிறைந்த இந்த வகை ஓப்பலை ஹைட்ரோஃபேன் என்பார்கள். அது நீரை உறிஞ்சும், காற்றில் மெதுவாக விட்டுவிடும். அன்றிலிருந்து ஹெர்மியோனின் கதை எனக்குச் சாபக் கதையாகத் தெரியவில்லை.

கெட்ட பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற ரத்தினங்களுக்குப் பழகிய கைகள் ஓப்பலையும் அதே அழுத்தத்தோடு பதித்தபோது அது உடைந்தது. உடைத்தவருக்கு நஷ்டம், அணிந்தவருக்கு மனக்கஷ்டம். ராசியில்லாத கல் என்று ஒதுக்குவதற்கு அது போதுமே.

விக்டோரியா மகாராணி இந்தப் பழியைப் பொருட்படுத்தவில்லை. ஓப்பலை விரும்பி அணிந்தார், மகள்களுக்கும் கொடுத்தார். கணவர் ஆல்பர்ட் 1853-இல் அவருக்காக ஓப்பலும் வைரமும் பதித்த ஒரு மகுடத்தை வடிவமைத்தார். ஆனால் மருமகள் அலெக்சாண்ட்ரா ராணியானதும் 1902-இல் அதிலிருந்த ஓப்பல்களை எடுத்துவிட்டு மாணிக்கங்களைப் பதிக்கச் செய்தார். ஒரே மகுடத்தில் ஓப்பலின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. பிற்பாடு, 1954-இல் எலிசபெத் ராணி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது 203 காரட் எடையுள்ள அண்டமூக்கா ஓப்பலை அவருக்குப் பரிசளித்தார்கள்.

படி 4: எந்த வகை என்று கேளுங்கள்

'ஓப்பல் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் போதாது. வகைக்கு வகை குணம் மாறும், பராமரிப்பும் மாறும்.

கருப்பு ஓப்பல் ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அடிநிறம் இருட்டாக இருப்பதால் வண்ணங்கள் எரிவது போலத் தெரியும். அடிநிறத்தை என்1 முதல் என்9 வரை அளப்பார்கள். என்1 முதல் என்4 வரை கருப்பு, என்5-உம் என்6-உம் அடர்நிறம், அதற்கு மேல் வெளிர்நிறம்.

வெளிர் ஓப்பலுக்குப் பேர்போன இடம் கூபர் பெடி. 1915-இல் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் அங்கே முதலில் ஓப்பலைக் கண்டெடுத்தான். வெயில் தாங்காமல் இன்றும் பலர் அங்கே பூமிக்கு அடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். ஒலிம்பிக் ஆஸ்திராலிஸ் என்ற 17,000 காரட் ஓப்பலும் 1956-இல் அங்கேதான் கிடைத்தது. மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த ஆண்டு என்பதால் அந்தப் பெயர்.

பவுல்டர் ஓப்பல் குவீன்ஸ்லாந்தில் கிடைக்கிறது. பழுப்பு இரும்புப் பாறையின் வெடிப்புகளில் மெல்லிய நரம்பாக ஓடும் ஓப்பலை, அந்தப் பாறையோடு சேர்த்தே வெட்டுவார்கள். பின்புறம் தாங்கலாகப் பாறை இருப்பதால் இது உறுதியானது. முதன்முறையாக ஓப்பல் வாங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

மெக்சிகோவின் தீ ஓப்பல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஒளி ஊடுருவும் கல். இதில் வண்ண ஜாலம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த அடிநிறமே அழகு. பட்டை தீட்டியும் விற்பார்கள். பெருவின் இளஞ்சிவப்பு, நீல ஓப்பல்கள் வண்ண ஜாலம் இல்லாத சாதாரண வகை.

எத்தியோப்பியாவின் வோல்லோ பகுதி ஓப்பல் 2008 முதல்தான் பெருமளவில் வரத் தொடங்கியது. பளிச்சென்ற வண்ணம், பெரிய கற்கள். நான் தண்ணீரில் போட்ட கல் இந்த வகைதான். அதன் உறிஞ்சும் குணத்தை மறக்காமல் வாங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் ஓப்பல்கள் இன்றைய ஸ்லோவாக்கியாவின் டூப்னிக் சுரங்கங்களில் இருந்து வந்தன.

படி 5: கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள். ஒரு கல்லுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் கொடுங்கள்.

முதலில் கல்லை ஒரே ஒரு விளக்கின் கீழ் வையுங்கள். பல விளக்குகள் எரியும் இடத்தில் எந்த ஓப்பலும் அழகாகத்தான் இருக்கும். இப்போது கல்லை மேசையில் கிடத்தி, அதைத் தூக்காமல் விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். முழு வட்டம். எந்தக் கோணத்திலாவது வண்ணம் செத்துப்போகிறதா? சில கற்கள் ஒரு பக்கம் நெருப்பாக இருக்கும், கால்வட்டம் திருப்பினால் சாம்பலாகிவிடும். மோதிரத்தில் அந்த இருண்ட பக்கம் அணிபவரின் கண்ணை நோக்கி அமைந்துவிட்டால் தினமும் ஏமாற்றம்தான்.

அப்புறம் கையை நீட்டி, அந்தத் தூரத்தில் பாருங்கள். நகையைப் பிறர் பார்ப்பது அந்தத் தூரத்தில்தான். அருகில் பொடிப்பொடியாக மின்னும் ஊசிமுனைப் புள்ளிகள் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். அகலமான பளிச்சொளி தூரத்திலும் நிற்கும். சதுரங்கக் கட்டங்கள் போல வண்ணத் திட்டுகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நிற்பதை 'ஹார்லெக்வின்' என்பார்கள். அது மிக அரிது. வழக்கமான திட்டுகளை எல்லாம் அந்தப் பெயரில் காட்டி விற்பதும் நடக்கிறது.

பிறகு விளக்கை விட்டுவிட்டு ஜன்னல் ஓரத்து நிழலுக்கு வாருங்கள். நல்ல கல் மங்கிய வெளிச்சத்திலும் பேசும். விளக்குக்குக் கீழே மட்டும் உயிர்பெறும் கல் என்றால் அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

கடைசியாக 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கல்லைப் பக்கவாட்டில் பிடித்து, பின்னால் இருந்து ஒளி வருமாறு வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது நீர் இழந்ததால் விழுந்த விரிசல். மணற்பாறையில் கிடைத்த ஓப்பல்களின் அடிப்பகுதியில் தெரியும் சாம்பல் கோடுகளும் குழிகளும் வேறு, அவை பெரிய குறை இல்லை. விரிசலோ மேல்பரப்பை எட்டியிருக்கும், ஒளி பட்டால் அந்த இடத்தில் பளீரென்று வெட்டும்.

சில சுரங்கங்களின் கற்கள் விரிசலுக்குப் பேர்போனவை. அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள வர்ஜின் வேலி கற்கள் காற்றில் காயும்போது வெடிப்பதால், அவற்றில் பலவற்றைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குமிழ்களில் வைத்தே பாதுகாக்கிறார்கள். எனவே எந்த ஊர்க் கல், வெட்டி எவ்வளவு காலமாயிற்று என்று கேளுங்கள். வெட்டிப் பல மாதம் உலர்ந்த இடத்தில் இருந்தும் விரிசல் விடாத கல் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

படி 6: ஒட்டுக்கல்லா, செயற்கையா, போலியா?

ஒட்டுக்கல் ஏமாற்று இல்லை. சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. மெல்லிய ஓப்பல் சீவலைக் கருப்பு அடித்தட்டில் ஒட்டினால் அது டப்லெட். அதன் மேல் கண்ணாடியோ தெளிந்த படிகக் கல்லோ குமிழாக மூடினால் டிரிப்லெட்.

கண்டுபிடிக்க வழி பக்கவாட்டில்தான். கல்லின் இடுப்பில் நூல் பிடித்தது போன்ற நேர்க்கோடு தெரிந்தால் அது ஒட்டிய இடம். பவுல்டர் ஓப்பலிலும் பாறையும் ஓப்பலும் சேரும் கோடு இருக்கும். ஆனால் இயற்கை போட்ட கோடு வளைந்து நெளிந்து போகும், அளவுகோல் வைத்துப் போட்டது போல இராது. டிரிப்லெட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் வண்ணம் எல்லாம் அடியில் தங்கி, மேலே வெறும் கண்ணாடியாகத் தெரியும். நகையில் விளிம்பையும் அடியையும் உலோகத்தால் முழுக்க மூடியிருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1974-இல் பியர் கில்சன் ஆய்வகத்தில் ஓப்பலைச் செய்து காட்டினார். செயற்கை ஓப்பலின் வண்ணத் திட்டுகளை லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றின் விளிம்பும் பல்லித் தோலைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். பக்கவாட்டில் அதே திட்டுகள் தூண்களாக நிற்கும். இயற்கை இவ்வளவு சீராக அடுக்காது. 'ஓப்பலைட்' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பால்நிறக் கண்ணாடி. நீலமாகப் பளபளக்கும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும், அவ்வளவுதான். வண்ணத் திட்டுகள் இருக்காது. பிளாஸ்டிக் என்றால் கையில் எடுத்ததுமே எடை இல்லாதது தெரிந்துவிடும்.

நிறம் ஏற்றிய கற்களும் உண்டு. அண்டமூக்காவின் வெளிர் மேட்ரிக்ஸ் கல்லை (ஓப்பல் ஊடுருவிய பாறையை)ச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். துளைகளில் புகுந்த சர்க்கரை கரியாகிக் கல் கருத்துவிடும். எத்தியோப்பியக் கற்களுக்குப் புகையோ சாயமோ ஏற்றுவார்கள். லென்ஸில் கரும்புள்ளிகள், விரிசல்களில் தேங்கிய நிறம், இயற்கைக்கு ஒவ்வாத ஊதா அடிநிறம் ஆகியவை அடையாளங்கள். உறிஞ்சும் வகையா என்று பார்க்க, கல் பார்ப்பவர்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார்கள். துளையுள்ள கல் இலேசாக ஒட்டும்.

படி 7: எந்த நகையில் பதிப்பது

கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் ஓப்பலின் கடினத்தன்மை 5.5 முதல் 6.5. சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகளுக்கு 7. அதாவது மேசைத் தூசியே ஓப்பலைக் கீறும். தினமும் கையில் கிடக்கும் மோதிரத்துக்கு இது ஏற்றதல்ல. பதக்கம், தோடு, புரோச் என்றால் தலைமுறை தாண்டி நிற்கும். மோதிரம்தான் வேண்டும் என்றால், கல்லைச் சுற்றி உலோக விளிம்பு கட்டி, கல் விளிம்பைவிட உயராமல் பதிக்கச் சொல்லுங்கள். கொக்கிகள் ஒரே புள்ளியில் அழுத்துவதால் ஓப்பலுக்கு ஆகாது. நகையில் பற்றவைக்கும் வேலை வந்தால் கல்லைக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும். நெருப்பின் சூட்டில் உள்ளிருக்கும் நீர் வெளியேறக் கல் வெடித்துவிடும்.

படி 8: தினசரிப் பராமரிப்பு

ஓப்பலை எப்போதும் எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறவைக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலிய முழுக்கல்லுக்கு அது தேவையே இல்லை. நீர் உள்ளே புகாது, எண்ணெய் மேலே படலமாகப் படிந்து ஒளியை மங்கச் செய்யும். அதற்கு வேண்டியது இளஞ்சூட்டுத் தண்ணீர், மென்மையான சோப்பு, மெல்லிய துணி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உலர்ந்த துணியால் முதலில் துடைக்கக் கூடாது. மேலே இருக்கும் தூசியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அப்புறம் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூசியைக் கொண்டே கல்லைத் தேய்த்ததாகிவிடும்.

ஒட்டுக்கல்லைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். பசை இளகிப் பால்போல வெளுக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஹைட்ரோஃபேன் என்றால் தண்ணீர், வாசனைத் திரவியம், எண்ணெய், சாயம் எதுவும் படாமல் பாருங்கள். குளிக்கும் முன் கழற்றிவிடுங்கள். தவறிப்போய் நனைந்து ஒளி இழந்தால் பதறாதீர்கள். ஹேர் டிரையரால் உலர்த்தவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம். அறையின் சாதாரண வெப்பத்தில் துணிமேல் விட்டுவிடுங்கள். சில நாளோ சில வாரமோ ஆகலாம். தண்ணீர் என்றால் வண்ணம் திரும்பும், எண்ணெயோ சாயமோ என்றால் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லா ஓப்பலுக்கும் பொதுவான விலக்குகள் சில: ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கருவி, நீராவி, கொதிக்கும் தண்ணீர், அடுப்பின் அனல், சூட்டில் இருந்து திடீரென்று குளிருக்கு மாறுவது. வைக்கும்போது தனியாக, மெத்தென்ற பையில் வையுங்கள். வைரத்தோடும் நீலத்தோடும் ஒரே பெட்டியில் உருள விட்டால் கீறல் விழும். காற்றில் ஈரமே இல்லாத பாதுகாப்புப் பெட்டகத்தில் நீண்ட நாள் வைப்பதானால், நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சைக் கல்லின் அருகில், கல்லைத் தொடாமல், மூடிய பையில் வைக்கலாம். அணிந்து அணிந்து மேல்பரப்பு மங்கினால் கவலை வேண்டாம், ஓப்பலுக்குப் பழகிய கைவினைஞர் மறுபடி மெருகேற்றித் தருவார்.

படி 9: ஓப்பல் ஒத்துவராது என்றால் டூர்மலின்

தினமும் மோதிரமாக அணிய வேண்டும், கைவேலை அதிகம், இவ்வளவு பக்குவம் பார்க்க முடியாது என்பவர்களுக்கு அக்டோபரின் இரண்டாவது கல் இருக்கிறது. டூர்மலினின் கடினத்தன்மை 7 முதல் 7.5. இதன் பெயர் கலப்பு மணிகளைக் குறிக்கும் 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லில் இருந்து வந்தது. ஏறக்குறைய எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஒரே கல்லில் நடுவே இளஞ்சிவப்பும் ஓரத்தில் பச்சையும் இருந்தால் அதற்குத் தர்பூசணி டூர்மலின் என்று பெயர்.

பல காலம் இதை மாணிக்கம், மரகதம் என்றே நினைத்திருந்தார்கள். 1777-இல் ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்குக் கொடுத்த, 'சீசரின் மாணிக்கம்' எனப்படும் திராட்சைக் குலை வடிவக் கல் உண்மையில் சிவப்பு டூர்மலின். சீனப் பேரரசி சிசிக்கு இளஞ்சிவப்பு டூர்மலின் மேல் தீராத பிரியம். கலிபோர்னியாவின் சுரங்கங்களில் இருந்து டன் கணக்கில் அவர் அரசவைக்குப் போனது. 1980-களின் இறுதியில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் கிடைத்த நியான் நீல டூர்மலினுக்கு அந்த நிறத்தைத் தருவது செம்பு. இந்தக் கல்லில் அதுதான் இன்று மிக உயர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இதை 'சாம்பல் இழுப்பான்' என்று அழைத்தார்கள். சூடேற்றினால் கல்லின் ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் உண்டாகும். அது புகைக்குழாயில் இருக்கும் சாம்பலை ஈர்த்துக்கொள்ளும். விளக்குச் சூட்டில் காட்சிக்கு வைத்த டூர்மலின் பக்கத்தில் உள்ள கற்களைவிடச் சீக்கிரம் தூசி பிடிப்பதும் இதனால்தான். ஆகவே இதை அடிக்கடி சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், தண்ணீருக்கு இது பயப்படாது. ஆனால் உள்ளே நுண்ணிய திரவக் குமிழ்களும் விரிசல்களும் இருக்கும் கற்கள் பல உண்டு என்பதால், அல்ட்ராசோனிக்கும் நீராவியும் இதற்கும் வேண்டாம்.